ட்ராஃபிக்கில மட்டும் சூடாகிற ஆர்எக்ஸ்-8: தண்ணிக்கு முதல் காத்தைப் பாருங்க

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். மற்ற ஆக்களுக்கும் விளங்கோணும் எண்டு சுருக்கமா திருப்பிச் சொல்லுறன். 2005 மஸ்டா ஆர்எக்ஸ்-8, மனுவல் கியர், கொழும்பில வாங்கி திருகோணமலை உப்புவெளிக்குக் கொண்டுவந்தது. பின்னேரத்தில பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் பக்கம் ஊர்ந்து போகேக்க ஏசி போட்டா ஊசி நடுவைத் தாண்டி ஏறுது, சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நிலாவெளிப் பக்கம் இழுத்தா திரும்ப நடுவுக்கு வந்துடுது. ஒரு கராஜில தேர்மோஸ்டாட்டை (சூடு வந்த பிறகு தண்ணிக்கு வழி திறக்கிற வால்வை) கழட்டி எறிஞ்சிட்டாங்க, அதுக்குப் பிறகு இன்னும் மோசம். இன்னொரு கராஜில எஞ்சின் போயிட்டுது, இறக்கிச் செய்யோணும் எண்டு சொல்லிட்டாங்க. எஞ்சினை இறக்கத்தான் வேணுமா எண்டதுதான் உங்கட கேள்வி.

இப்ப இறக்காதீங்க. நீங்க சொன்ன அறிகுறியிலயே பாதி விடை கிடக்கு. நிண்டா சூடாகுது, ஓடினா ஆறுது எண்டா அது முக்கால்வாசி காத்துப் பிரச்சினை, தண்ணிப் பிரச்சினை இல்ல. மணித்தியாலத்துக்கு 60, 70 கிலோமீற்றரில போகேக்க முன்னால வாற காத்தே ரேடியேற்றரை ஆத்திப்போடும், அந்த நேரம் ஃபேன் இருந்தாலும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான். அதே கார் பத்திரகாளி அம்மன் கோயிலடியில ஓட்டோவுக்குப் பின்னால முதலாம் கியரில ஊரேக்க அந்தக் காத்து இல்ல, முழு வேலையும் ஃபேன்ர தலையில விழுது. வோட்டர் பம்ப் பழுது, ரேடியேற்றர் உள்ளுக்க அடைப்பு மாதிரியான வருத்தங்கள் பெரும்பாலும் மற்றப் பக்கத்தாலதான் தெரியவரும், கண்டி ரோட்டில கந்தளாய்ப் பக்கம் 100ல நல்லா மிதிச்சு ஓடேக்க ஏறும். எஞ்சினுக்குள்ள கூலன்ற் (எஞ்சினை ஆத்திற தண்ணி) சீல் வெடிச்சிருந்தா எங்க ஓடினாலும் தண்ணி குறையும், தாங்கியில குமிழி வரும். நீங்க அப்பிடி ஒண்டும் எழுதேல்ல.

ஆனா ஆறுதலா பாப்பம் எண்டும் விடாதீங்க. இது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலா உள்ளுக்க முக்கோண ரோட்டர் சுத்துறது, சாதாரண பிஸ்டன் எஞ்சின் மாதிரி ரெண்டு மூண்டு தரம் கொதிச்சாலும் பொறுக்கும் எண்டு நினைக்கேலாது. உள்ளுக்க ரோட்டர் சுத்துற ஹவுசிங் அலுமினியம், அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தட்டுகள் வார்ப்பு இரும்பு, எல்லாத்தையும் நீளமான போல்ட் போட்டு ஒண்டா இறுக்கி வைச்சிருக்கு, நடுவில தண்ணி வெளிய வராம ரப்பர் சீல். சூடு கூடினா அலுமினியம் இரும்பை விடக் கூட விரியும், அந்த இழுபறியில முதல்ல சாகிறது அந்த ரப்பர் சீல்தான். அது போனா தண்ணி எரியிற அறைக்குள்ள போகும், பிறகு உண்மையாவே எஞ்சின் இறக்கத்தான் வேணும். அதால இப்ப காரைக் குறைச்சு ஓடுங்க, பின்னேர நெரிசலுக்க கொண்டுபோகாதீங்க.

இதில இன்னொரு ஆபத்து, அந்த டாஷ்போட் ஊசி. அதை நம்பாதீங்க. ஆர்எக்ஸ்-8ல அந்த ஊசி உண்மையான வெப்பநிலையை அப்பிடியே காட்டாது, ஒரு பெரிய இடைவெளிக்கு நடுவிலயே அசையாம நிக்கிற மாதிரித்தான் கம்பெனியில செய்து விட்டிருக்கு. 85லயும் நடு, 100லயும் நடு. அது நடுவைத் தாண்டி அசையத் தொடங்கேக்க எஞ்சின் ஏற்கனவே கூடாத சூட்டில நிக்குது. அதால நீங்க ஊசி கொஞ்சம் ஏறினது எண்டு எழுதினது எனக்குக் கொஞ்சமா படேல்ல. முதல் வேலையா ஓபிடி சொக்கெட்டில (கார் கம்பியூட்டரை வாசிக்கிற சொக்கெட்) குத்துற சின்ன புளூடூத் ஸ்கேனர் ஒண்டு வாங்கி, ஃபோனில ஆப் போட்டு கூலன்ற் வெப்பநிலையை இலக்கமா பாருங்க. வேற எந்தச் சாமானுக்கும் முதல் இதுக்குக் காசு செலவழியுங்க. இலக்கம் கையில இல்லாம ஒவ்வொரு கராஜா ஏறி இறங்கினா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டைக் கழட்டுவினம்.

அந்த இலக்கத்தை எப்பிடி வாசிக்கிறது எண்டா, தேர்மோஸ்டாட் 82 பாகை அளவில திறக்கத் தொடங்கும், ரோட்டில சும்மா ஓடேக்க 85க்கும் 93க்கும் இடையில நிண்டா நல்லம். ஏசி போடாம நிக்கேக்க ஃபேன் 97 பாகை அளவிலதான் தானா வேலை செய்யத் தொடங்கும், அதுக்கு மேல இன்னும் ஒரு நாலு பாகை ஏறினா கூடின வேகத்துக்கு மாறும். மஸ்டா வைச்ச கணக்கே கொஞ்சம் உயரம்தான், எங்கட ஊர் வெக்கைக்கு எனக்கு அது பிடிக்காது, அதைப் பற்றிப் பிறகு சொல்லுறன். நல்லா இருக்கிற கார் நெரிசலுக்க 95க்கும் 102க்கும் இடையில ஏறி இறங்கி ஏறி இறங்கி நிக்கும். ஏறினது இறங்கோணும், அதுதான் முக்கியம். 105 தாண்டினா ஏசியை நிப்பாட்டுங்க. 110 எண்டா ஓரமா விட்டு எஞ்சினை நிப்பாட்டுங்க, வீட்டுக்குக் கிட்ட வந்திட்டன் எண்டு ஓடாதீங்க.

இப்ப ஃபேன். காரை நிழலில விட்டு ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்க, ஏசி கொம்பிரசர் பிடிச்ச உடன ஃபேன் சுத்தோணும். இந்தக் காரில ரெண்டு ஃபேன் பக்கத்தில பக்கத்தில இருக்கு, ரெண்டும் சுத்துதா எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்க, ஒண்டு சுத்திற சத்தத்தில மற்றது நிக்கிறது தெரியாது. சுத்தினா மட்டும் காணாது, ஒரு பேப்பர் தாளை பம்பர் வாயில, ரேடியேற்றருக்கு முன்னால நிக்கிற ஏசி கன்டென்சருக்கு முன்னால பிடிச்சா அது ஒட்டிக்கொண்டு நிக்கோணும். விழுந்தா ஃபேன் சுத்துது, ஆனா காத்து இழுக்கேல்ல. மோட்டரை யாரோ முதல் மாத்தியிருந்தா வயரை மாறிக் குடுத்து எதிர்ப்பக்கம் சுத்திறதும் நடக்கும், அப்ப அது முன்னுக்குத் தள்ளும், ஓடேக்க வாற காத்தோட சண்டை பிடிக்கும்.

பழைய ஃபேன் மோட்டர் ஒரேயடியா சாகாது, மெல்ல மெல்லத்தான் சாகும். உள்ளுக்க கார்பன் பிரஷ் தேஞ்சு வேகம் குறையும், பாக்கிறவனுக்கு சுத்திற மாதிரித்தான் தெரியும். எஞ்சின் நிண்ட பிறகு, பற்றரி வயரைக் கழட்டிப்போட்டு, விரலால தட்டிச் சுத்திப் பாருங்க, லேசா ரெண்டு மூண்டு சுத்து ஓடோணும், கரகரத்து உடன நிண்டா பெயாரிங் போகுது. அடுத்தது கனெக்டர், திருகோணமலையில நான் இதைத்தான் மோட்டருக்கு முதல் சந்தேகப்படுவன். கடல் காத்து படுற இடத்தில நிக்கிற கார் எண்டா கனெக்டரைக் கழட்டி வெளிச்சத்தில பாருங்க, பிளாஸ்டிக் வெள்ளையா இருக்க வேண்டிய இடம் தேத்தண்ணி நிறத்தில பழுத்திருக்கும், பின்னில பச்சைப் பூ பூத்திருக்கும், சில நேரம் ஒரு பக்கம் உருகி பின் சரிஞ்சு நிக்கும். அந்தப் பச்சை உப்புக் காத்து செம்பை அரிச்சு வந்த களிம்பு. அதுக்குள்ளால கரண்ட் போகேக்க வோல்றில ஒரு பங்கு அங்கயே சூடா போயிடும், மோட்டருக்கு மிச்சம்தான் போகும். ஃபேன் ஓடேக்க மல்ரிமீற்றரால பற்றரியில ஒருக்கா அளந்து, ஃபேன் கனெக்டரில பின்பக்கத்தால குத்தி ஒருக்கா அளவுங்க, அது கூடின வேகத்தில ஓடுற நேரமா இருக்கோணும். அரை வோல்ற்றுக்குள்ள வித்தியாசம் எண்டா பரவாயில்ல, ஒண்டரை ரெண்டு வோல்ற் குறைஞ்சா வயர், றிலே, பொடியில இறுக்கின எர்த் இந்த மூண்டில ஒண்டுதான் கள்ளன். எர்த் போல்ட்டைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்குங்க, றிலேயை அதே இலக்கம் உள்ள மற்ற றிலேயோட மாத்திப் பாருங்க, காசே இல்லாத வேலை.

ஃபேன் நல்லம் எண்டு தெரிஞ்சா பிறகு ரேடியேற்றர். வெளியால பாத்தா முன்பக்கத்தில தெரியிறது ஏசி கன்டென்சர், ரேடியேற்றர் அதுக்குப் பின்னால கிடக்கு, ரெண்டுக்கும் நடுவில ஒரு சின்ன இடைவெளி. கராஜில பைப்பைப் பிடிச்சு முன்னால அடிச்சுப்போட்டு கழுவியாச்சு எண்டுவினம், அந்த நடு இடைவெளியை ஒருத்தரும் பாக்கிறேல்ல. முன்பக்கம் அடிக்க அடிக்க ஊத்தை அந்த இடைவெளிக்குள்ள போய் ரேடியேற்றரில ஒட்டும். தூசி பிடிச்ச நுளம்பு வலைக்கு இந்தப் பக்கம் ஃபேன் போட்டா அந்தப் பக்கம் காத்து வராது, அதுதான் உங்கட காரிலயும் நடக்குமெண்டு நினைக்கிறன். பம்பரைக் கழட்டி, மேல இருக்கிற மறைப்பைக் கழட்டி, டோர்ச் அடிச்சு மேலயிருந்து கீழ பாருங்க. இலை, சவுக்கு ஊசி, கோழி இறகு, பூச்சி, நிலாவெளி மணல் எல்லாம் கீழ் மூலையில பாய் மாதிரி படிஞ்சு கிடக்கும். தண்ணி அடிக்கிறதெண்டா எஞ்சின் பக்கத்தால முன்னுக்கு அடியுங்க, சாதாரண வீட்டுப் பைப் காணும், சேவிஸ் ஸ்டேஷன் பிரஷர் வோஷர் வேணாம், அது தகடுகளை மடிச்சுப் படுக்க வைச்சிடும், பிறகு உள்ளதும் போச்சு.

கழுவின பிறகு தகடை பெருவிரலால மெல்லமா தொட்டுப் பாருங்க. கடற்கரை ஊர்க் கார்களில ரேடியேற்றர் ஒழுகாது, பாக்க வடிவா கிடக்கும், ஆனா விரல் பட்ட உடன தகடு வெள்ளைப் பொடியா உதிரும். குழாயில இருக்கிற சூட்டைக் காத்துக்குக் கடத்திறது அந்தத் தகடுதான், அது குழாயை விட்டுக் கழண்டிட்டா தண்ணி உள்ளுக்க சும்மா சுத்திக்கொண்டு இருக்கும், ஆறாது. ஒழுகேல்லத்தானே எண்டு அதை வைச்சிருக்கிற ஆக்கள் கனபேர். அப்பிடி உதிர்ந்தா கழுவிறதில பிரியோசனம் இல்ல, புதுசு போடுங்க. அலுமினிய ரேடியேற்றர் கொஞ்சம் தடிப்பானது போட்டா இந்தக் காருக்கு நல்லது, ஆனா ஃபேன் மூடி பொருந்துதா எண்டு பாத்து வாங்குங்க, ஏனெண்டா ஃபேனைச் சுத்தி இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் மூடிதான் முழு ரேடியேற்றராலயும் காத்தை இழுக்க வைக்கிறது. மூடி வெடிச்சிருந்தாலோ, ஓரத்தில இருந்த ஸ்பொஞ்ச் பட்டி உக்கி விழுந்திருந்தாலோ, ஃபேன் ரேடியேற்றரால இழுக்காம பக்கத்து ஓட்டையால லேசா வாற காத்தை இழுக்கும். அந்த ஸ்பொஞ்சை வெட்டி ஒட்டுறது அரை மணித்தியால வேலை.

அடித்தட்டு இருக்குதா? எஞ்சினுக்குக் கீழ இருக்கிற பெரிய பிளாஸ்டிக் தட்டு. ஒயில் மாத்தேக்க ஒவ்வொரு தரமும் பத்துப் பதினைஞ்சு கிளிப் கழட்டோணும் எண்டு அலுப்பில கழட்டி மூலையில போட்டுட்டு அப்பிடியே விட்டுடுவினம், அதைத் தேவையில்லாத சாமான் எண்டும் சொல்லுவினம். அது இல்லாட்டி நிக்கேக்க எஞ்சின் அறையில இருந்து வாற சூடு காத்து கீழால முன்னுக்கு வந்து திரும்ப ரேடியேற்றர் வாய்க்குள்ள போகும், சூடான காத்தாலேயே சூட்டை ஆத்தப் பாக்கிறது. ஓடேக்கயும் அது இல்லாட்டி காத்து ரேடியேற்றரால போகாம கீழால வழுகிப் போயிடும். கொழும்பில வாங்கின கார் எண்டதால இதைக் கட்டாயம் பாருங்க, இல்லாட்டி பழைய சாமான் கடையில தேடி எடுத்துப் போடுங்க, கிடைக்காட்டி மெல்லிய அலுமினியத் தகட்டில அளவுக்கு வெட்டிப் பூட்டலாம்.

தேர்மோஸ்டாட் விசயத்துக்கு வாறன், இதில எனக்குக் கோவமே வருது. எங்கட பக்கம் கார் சூடானா முதல் வைத்தியம் தேர்மோஸ்டாட்டைக் கழட்டுறது எண்டு ஆகிப்போச்சு. இந்த எஞ்சினில அது ரெண்டு வேலை செய்யுது. ஒண்டு, சூடு வந்த பிறகு ரேடியேற்றர் பக்கத்துக்கு வழி திறக்கிறது. மற்றது, அப்பிடித் திறக்கேக்க தன்ர அடித் தட்டால குறுக்கு வழியை மூடுறது, அந்தக் குறுக்கு வழியாலதான் குளிரில தண்ணி ரேடியேற்றருக்குப் போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்துறது. கழட்டி எறிஞ்சா குறுக்கு வழி எப்பவும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றரைக் காணாமலே திரும்ப எஞ்சினுக்குள்ள போகும். உங்களுக்குப் பிறகு இன்னும் மோசமானது அதாலதான். அதுவுமில்லாம விடியக்காலை எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும், கம்பியூட்டர் இன்னும் குளிர் எண்டு நினைச்சு பெற்றோலைக் கூட ஊத்தும், ஆர்எக்ஸ்-8ல அது பிளக் நனைஞ்சு ஸ்டார்ட் வராம போறதில முடியும். கம்பெனி தேர்மோஸ்டாட் ஒண்டு, கஸ்கெட்டோட, திரும்பப் போடுங்க. போட முதல் ஒரு சட்டியில தண்ணி கொதிக்க வைச்சு அதைப் போட்டுத் திறக்குதா எண்டு பாத்துட்டுப் போடுங்க, புதுசிலயும் பழுது வரும்.

கிணத்துத் தண்ணி ஊத்தினது எண்டும் எழுதியிருந்தீங்க. உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணறுகளில உவர் எப்பிடி எண்டு உங்களுக்கே தெரியும், கேத்தில் அடியில படியிற வெள்ளை அப்பிடியே எஞ்சினுக்குள்ளயும் படியும். இந்த எஞ்சினில இரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில தொட்டுக்கொண்டு நிக்குது, அதுக்குள்ள உப்புத் தண்ணி போனா அலுமினியத்தை அரிக்கும். எங்களுக்கு உறைபனி இல்லைத்தானே கூலன்ற் எதுக்கு எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம், கூலன்ற்ற முதல் வேலை எங்கட நாட்டில துருவைத் தடுக்கிறது, ரெண்டாவது கொதிநிலையைக் கூட்டுறது. முழுசா இறக்கிப்போட்டு, காய்ச்சி வடிச்ச தண்ணியால, பற்றரித் தண்ணி எண்டு விக்கிறதில அசிட் கலக்காததைப் பாத்து வாங்கி, தெளிவா வரும்வரைக்கும் அலசி, பிறகு நீண்டகாலக் கூலன்ற் நல்லது ஒண்டை அதே தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. கூலன்ற் மட்டும் முழுசா ஊத்தாதீங்க, தனிக் கூலன்ற் தண்ணி அளவுக்குச் சூட்டைக் காவாது.

ஊத்திற முறையும் முக்கியம், தேர்மோஸ்டாட் கழட்டின கராஜில காத்து எடுத்தாங்களோ தெரியேல்ல. முன்பக்கத்தை ஒரு சரிவில ஏத்தி விட்டு, உள்ளுக்க ஹீட்டரை முழுச் சூட்டில வைச்சு, மெல்ல மெல்ல ஊத்தி, ஓட விட்டு ஃபேன் ரெண்டு மூண்டு தரம் போட்டு நிக்கும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கோணும். மேல் ஹோஸைக் கையால அமத்தி அமத்தி விட்டா குமிழி கெதியா வெளிக்கிடும். ஹீட்டரில இருந்து சூடு வராம குளிர் காத்து வந்தா உள்ளுக்க இன்னும் காத்துக் கட்டி நிக்குது.

மூடியை மாத்துங்க, கேள்வியே வேணாம். கூலன்ற் தாங்கியில இருக்கிற பிரஷர் மூடி தன்ர அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதாலதான் தண்ணி 100 பாகையில கொதிக்காம நிக்குது, ஒரு பார் அழுத்தம் கூடினா வெறும் தண்ணிகூட 120 பாகை அளவிலதான் கொதிக்கும். ரப்பர் காய்ஞ்ச மூடி அழுத்தத்தை விட்டுடும், ஸ்கேனர் 103 காட்டேக்கயே உள்ளுக்க கொதிச்சு ஆவியாகும். இந்தக் காரில அந்தத் தாங்கியும் வயசுக்கு வெடிக்கும், ஒட்டின விளிம்புக் கோட்டில மயிர் அளவு வெடிப்பு, குளிரில தெரியாது, சூடா இருக்கேக்க வெள்ளைத் தடம் விடும். கூலன்ற் குறைவு எண்டு லைற் எரிஞ்சா முதல்ல கண்ணால அளவைப் பாருங்க, தாங்கிக்குள்ள இருக்கிற அந்த சென்சர் பழுதாகிச் சும்மா எரியிறது ஆர்எக்ஸ்-8ல சர்வசாதாரணம். மூடியைச் சூட்டில திறக்காதீங்க, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை எண்டாலும் சொல்லுறன்.

இன்னும் ரெண்டு இடம் இருக்கு, ரோட்டரிக்கு மட்டும் உரியது, சாதாரண மெக்கானிக் யோசிக்க மாட்டார்.

முதலாவது ஒயில். ரோட்டரில ரோட்டரை உள்ளுக்கால ஆத்திறது ஒயில்தான், எஞ்சின்ர சூட்டில பெரிய பங்கு ஒயிலாலதான் வெளிய போகுது. பெரும்பாலான மனுவல் ஆர்எக்ஸ்-8ல முன் பம்பர் ரெண்டு மூலையிலயும் ஒவ்வொரு ஒயில் கூலர் இருக்கு, அதுகளுக்கு ஃபேன் இல்ல, ஓடேக்க வாற காத்து மட்டும்தான். அதால நெரிசலுக்க ஒயில் சூடேறி, அந்தச் சூடு தண்ணிக்கு வந்து ரேடியேற்றருக்குக் கூடுதல் சுமை. அந்தக் கூலர்கள் தாழ இருக்கிறதால கல்லு, மணல், சேறு எல்லாம் முதல்ல அதிலதான் அடிக்கும், பம்பர் கழட்டின கையோட அதையும் கழுவுங்க. ஒயில் அளவை ரெண்டு தரம் பெற்றோல் அடிக்கேக்க ஒருக்கா எண்டு பாருங்க, இந்த எஞ்சின் சீல் வழுக்கிறதுக்காக வேணுமெண்டே கொஞ்சம் ஒயிலை எரிக்கும், அது பழுது இல்ல, ஆனா குறைஞ்ச ஒயிலோட ஊரேக்க சூடு கூடும். எங்கட வெக்கைக்கு 5டபிள்யூ-30 போடலாம், நான் அதுக்கு மேல தடிப்பா போகச் சொல்ல மாட்டன்.

ரெண்டாவது இக்னிஷன் கொயிலும் (பிளக்குக்குப் பொறி குடுக்கிறது) கற்றலிற்றிக் கொன்வேட்டரும் (புகைக்குழாயில புகையைச் சுத்தமாக்கிற பெட்டி). கொயில் பலவீனமானா பெற்றோல் முழுசா எரியாம புகைக்குழாய்க்குள்ள போய் அங்க எரியும், கொன்வேட்டர் சிவக்கும், உள்ளுக்க உருகி அடைக்கும். அடைச்சா சூடான புகை வெளிய போக வழியில்லாம எஞ்சினுக்கயே நிக்கும், ஆர்எக்ஸ்-8ல இருக்கிற இந்த ரெனசிஸ் எஞ்சினில புகை வாசல் பக்கத்து இரும்புத் தட்டிலதான் இருக்கு, பழைய ரோட்டரி மாதிரி ஹவுசிங் சுத்துவட்டத்தில இல்ல, அதால அந்தச் சூடு நேர தட்டுக்கும் தண்ணிக்கும் போகும். கால் வைக்கிற தரை சுடுதா, 6000 ஆர்பிஎம் மேல இழுக்கேல்லையா, அழுகின முட்டை மணம் வருதா எண்டு பாருங்க. இதில ஒண்டுக்கு ஓம் எண்டா நாலு கொயிலும் நாலு பிளக்கும் ஒண்டா மாத்துங்க, கொன்வேட்டரைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சு ஓட்டைகள் திறந்திருக்கா எண்டு பாருங்க.

இதெல்லாம் சரி, அதுக்குப் பிறகும் ஏறுது எண்டாத்தான் சீலைச் சந்தேகப்படுங்க. குளிரா இருக்கேக்க ரேடியேற்றர் பிரஷர் பம்ப் ஒண்டு வாடகைக்கு எடுத்து அழுத்தம் ஏத்தி இரவு முழுக்க விடுங்க, விடிய முள்ளு இறங்கி, வெளிய ஒரு சொட்டும் இல்லாட்டி தண்ணி உள்ளுக்கதான் போயிருக்கு. விடியக்காலை முதல் ஸ்டார்ட்டில இனிப்பு மணத்தோட வெள்ளைப் புகை, மூடியைத் திறந்து வைச்சு ஸ்டார்ட் பண்ணின உடன விடாம குமிழி, இதுவும் அதே கதைதான். கொம்பிரசன் பாக்கிறதெண்டா ரோட்டரிக்கு உரிய கருவியால பாக்கோணும், ஒரு ரோட்டருக்கு மூண்டு முகம், மூண்டையும் தனித்தனியா அளக்கோணும், சாதாரண பிஸ்டன் கேஜ் ஆகக் கூடினதை மட்டும் பிடிச்சு வைச்சிருக்கும், மற்ற ரெண்டும் செத்திருந்தாலும் சொல்லாது. இந்தச் சோதினை ஒண்டும் செய்யாம எஞ்சின் போயிட்டுது எண்டு ஒருத்தர் சொன்னா அதை நம்பி லட்சக்கணக்கில காசு குடுக்காதீங்க. செய்து பாத்து உண்மையெண்டு தெரிஞ்சா, ரோட்டரி முதல் திறந்து பூட்டின ஆளிட்ட மட்டும் குடுங்க.

ரோட்டரி எண்டாலே சூடாகிற எஞ்சின் எண்டு ஊரில ஒரு கதை இருக்கு, எனக்கு அது பொறுக்காது. 1991ல லு மான் 24 மணித்தியால ஓட்டத்தை மஸ்டா 787பி வெண்டது நாலு ரோட்டர் எஞ்சினோடதான், ஒரு நாள் முழுக்க மிதிச்ச மிதியில ஓடினது. காத்தும் தண்ணியும் ஒயிலும் ஒழுங்கா கிடைச்சா இந்த எஞ்சின் ஓடும். ஆவணி மாசம் கச்சான் காத்து அடிக்கேக்க எங்கட ஊரில வெளிக் காத்தே 35, 36 பாகைக்கு வரும், தார் ரோட்டுக்கு மேல பம்பர் வாயடியில அதை விடக் கூட. 15 வயசு தாண்டின ரேடியேற்றருக்கு அதில மிச்சம் ஒண்டும் இல்ல, அவ்வளவுதான்.

அதுக்காகத்தான் ஃபேன் தொடங்கிற கணக்கைப் பற்றிப் பிறகு சொல்லுறன் எண்டன். எல்லாம் திருத்தின பிறகு, கம்பியூட்டரில 97ஐ 90, 92க்கு இறக்கி எழுதத் தெரிஞ்ச ஆள் கிடைச்சா செய்யுங்க. கிடைக்காட்டி உள்ளுக்க ஒரு சுவிட்ச் வைச்சு றிலேயோட ஃபேனைக் கையால போடுற மாதிரிச் செய்யலாம், ஃபியூஸ் கட்டாயம், வயர் தடிப்பா போடோணும். ஆனா இதை முதல் வேலையா செய்யாதீங்க. அடைச்ச ரேடியேற்றருக்குப் பின்னால ஃபேனை முன்கூட்டிப் போட்டாலும் அது இழுக்கப்போறது இல்லாத காத்தைத்தான். ஒழுக்கு அடைக்கிற தூள், திரவம் ஒண்டும் ஊத்தாதீங்க, அது ஓட்டையை விட ஹீட்டரையும் ரேடியேற்றரையும்தான் முதல் அடைக்கும்.

அதுவரைக்கும் அவசரத்துக்கு நெரிசலுக்க மாட்டினா, ஸ்கேனரில 105 தாண்டினா ஏசியை நிப்பாட்டி ஹீட்டரை முழுச் சூட்டில முழு வேகத்தில போட்டு கண்ணாடியை இறக்குங்க, வேர்க்கும், ஆனா அது ஒரு சின்ன ரேடியேற்றர் மாதிரி வேலை செய்யும். நியூற்றலில போட்டு 1500 ஆர்பிஎம் பிடிச்சா பம்ப் தண்ணியைக் கூடச் சுத்தும். 110 வராட்டி உடன எஞ்சினை நிப்பாட்டாதீங்க, நிப்பாட்டினா தண்ணி ஓட்டமும் நிண்டு உள்ளுக்க சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். சூடான எஞ்சினுக்கு மேல குளிர்த் தண்ணி வாளியால ஊத்திற பழக்கம் சில பேரிட்ட இருக்கு, கிட்டவும் விடாதீங்க.

திருத்தின பிறகு சோதிக்கிறதுக்கு எங்கட ஊரில நல்ல இடம் கோணேசர் கோயில் ரோட். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோட்டை வாசலால உள்ளுக்க போய், மான் குறுக்க வருமெண்டு முதலாம் ரெண்டாம் கியரில மெதுவா மேல ஏறி, ஏசி போட்டபடி மேல பத்து நிமிசம் எஞ்சின் ஓட விட்டு நில்லுங்க. அங்க 102க்கு மேல போகாம ஏறி இறங்கி நிண்டா பஸ் ஸ்டாண்ட் நெரிசலுக்கயும் நிக்கும்.

முதல்ல ஸ்கேனரை வாங்கி, ஏசி இல்லாம நிக்கேக்க எத்தினையில ஃபேன் போடுது, போட்ட பிறகு எத்தினைக்கு இறங்குது, நிலாவெளி ரோட்டில 70ல ஓடேக்க எத்தினையில நிக்குது எண்ட மூண்டு இலக்கத்தையும் எழுதி அனுப்புங்க. பம்பர் கழட்டினா கன்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடு இடைவெளியையும் ஃபேன் கனெக்டரையும் கிட்டவா படம் எடுத்து அனுப்புங்க, அதைப் பாத்து ரேடியேற்றர் மாத்திறதா கழுவிறதா எண்டு சொல்லுறன்.